விந்தணுவைப் பாதுகாக்க அன்டிஒக்சிடன்ட் குளிசை போதுமா?

கேள்வி: டொக்டர், எனக்கு 34 வயது. செட்டியார் தெருவில் ஒரு நகைப் பட்டறையில் பத்தர் வேலை செய்கிறேன். கலியாணம் முடித்து இரண்டரை வருஷம். மனைவிக்கு 31 வயது. இன்னும் பிள்ளை இல்லை. போன மாதம் வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் விந்துப் பரிசோதனை செய்தேன். ஒரு மில்லிலீற்றருக்கு 11 மில்லியன், முன்னோக்கி நகர்பவை 22 வீதம், சரியான வடிவம் 3 வீதம் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. அதற்கு ஆறு கிழமைக்கு முன்னர்தான் டெங்கு வந்து வைத்தியசாலையில் கிடந்தேன். ஒரு நண்பர் அன்டிஒக்சிடன்ட் குளிசைப் பெட்டி ஒன்றை அறிமுகப்படுத்தினார், மாதத்துக்கு ஒன்பதாயிரம் ரூபா முடிகிறது. அதோடு பழைய மல்டிவிற்றமினையும் எடுக்கிறேன். ஜிம்முக்குப் போகும் இன்னொருவர் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் சீக்கிரம் கூடும் என்கிறார். ஒரு நாளைக்கு ஆறேழு சிகரெட் பிடிப்பேன். அம்மா எப்போதும் மனைவியைத்தான் குறை சொல்லுவா. ரிப்போர்ட்டை நான் மனைவிக்குக் காட்டவில்லை. இந்தக் குளிசையை எத்தனை மாதம் எடுக்க வேண்டும்?
– பெயர் வேண்டாம், கொட்டாஞ்சேனை

பதில்:

தம்பி, நீங்கள் கேட்டது குளிசையைப் பற்றி. ஆனால் அந்த ஊசியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், அது அவசரம். டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடாதீர்கள். ஒன்றுகூட வேண்டாம். ஆண் ஹோர்மோன் கூடினால் விந்தணுவும் கூடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உடம்பில் நடப்பது நேர்மாறு. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்து சேர்ந்ததும், மூளைக்கு அடியில் இருக்கும் கபச்சுரப்பி விதைகளுக்கு அனுப்பும் எல்எச், எஃப்எஸ்எச் ஹோர்மோன்களைக் குறைத்துவிடும். அந்தக் கட்டளை வராவிட்டால் விந்தணு உற்பத்தி நடக்காது. ஆண்களுக்கான கருத்தடையாகவே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் நடத்தி 1990 இல் வெளியான ஆய்வில் கிழமைக்கு 200 மில்லிகிராம் ஊசி ஏற்றப்பட்ட ஆரோக்கியமான ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு விந்தில் விந்தணுவே இல்லாமல் போனது. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும், ஆனால் மாதக் கணக்கில் எடுக்கும், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் போகும். பிள்ளைக்கு ஆசைப்பட்டு நிற்கும் உங்களுக்கு அது வேண்டாத வேலை.

அடுத்தது ரிப்போர்ட். அந்த ஒரு தாளை வைத்து உங்களைப் பற்றி நான் எந்த முடிவும் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லிக்கொள்ள வேண்டாம். விதைக்குள் ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாள் ஆகும். அதன் பிறகு விதைமேற்றிணிவு என்ற, விதையோடு ஒட்டியிருக்கும் சுருள் குழாயில் முதிர்ந்து நீந்தப் பழக இன்னும் ஒன்றரை, இரண்டு கிழமை. ஆக, இன்று வெளியே வரும் விந்தணுவின் கதை மூன்று மாதத்துக்கு முன்னால் தொடங்கியது. நீங்கள் மாதிரி கொடுத்தபோது வெளிவந்தவை டெங்குக் காய்ச்சல் கொதித்த நாட்களில் பாதி வளர்ந்த நிலையில் இருந்தவை. விதைகள் உடம்புக்கு வெளியே தொங்குவதே அவற்றுக்கு இரண்டு முதல் நான்கு பாகை குறைந்த வெப்பம் தேவை என்பதால்தான். 39, 40 பாகைக் காய்ச்சல் சில நாள் நின்றால் எண்ணிக்கையும் நகர்வும் இரண்டு மூன்று மாதத்துக்கு இறங்கிவிடும், பிறகு தானாக ஏறும்.

எனவே டெங்கு முடிந்து குறைந்தது மூன்று மாதம் கழித்து, இரண்டு முதல் ஏழு நாள் உறவு இல்லாமல் இருந்துவிட்டு, மறுபடி செய்யுங்கள். முதல் தடவை எத்தனை நாள் இடைவெளி விட்டீர்களோ அதையே இந்த முறையும் விடுங்கள், அப்போதுதான் இரண்டையும் ஒப்பிடலாம். இயலுமானால் மாதிரியை ஆய்வுகூடத்திலேயே எடுங்கள். அங்கே கூச்சமாக இருக்கிறது என்று வீட்டில் எடுத்து ஓட்டோவில் கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். காலை நேரத்தில் புறக்கோட்டைப் பக்கம் வாகன நெரிசலில் மாட்டினால் ஒரு மணித்தியாலம் சும்மா போய்விடும், அதற்கு மேல் பிந்தினால் நகர்வு குறைந்ததாகத்தான் ரிப்போர்ட் வரும்.

ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் எல்லை எண்களையும் விளங்கிக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் ஒரு மில்லிலீற்றருக்கு 16 மில்லியன், முன்னோக்கி நகர்பவை 30 வீதம், சரியான வடிவம் 4 வீதம் என்று இருக்கிறது. ஒரு வருஷத்துக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களை எடுத்துப் பார்த்து, அவர்களில் கடைசி ஐந்து வீதத்தினர் எங்கே நிற்கிறார்கள் என்று குறித்த கோடு அது. கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் பிள்ளை பிறந்திருக்கிறது. 11 மில்லியன் என்றால் வாய்ப்புக் குறைவு, அவ்வளவுதான். மலடு என்று அதற்கு அர்த்தம் இல்லை.

இனி குளிசை. இதன் பின்னால் இருக்கும் விஞ்ஞானம் பொய் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். நாம் மூச்சு விடும் ஒட்சிசனிலிருந்தே உடம்புக்குள் சில தாக்கும் மூலக்கூறுகள் உருவாகின்றன. கடலோரம் இருக்கும் வீடுகளில் ஜன்னல் கம்பியைக் காற்று அரித்துத் துருவாக்குவதுபோல அவை கலங்களை அரிக்கும். அந்த அரிப்பைத் தடுக்கும் பொருள்தான் அன்டிஒக்சிடன்ட். விந்தணுவுக்கு இந்த அரிப்பு மற்றக் கலங்களைவிடக் கூடுதலான ஆபத்து. அதன் வெளிச் சவ்வில் எளிதில் கெடக்கூடிய கொழுப்பமிலங்கள் மிக அதிகம். எடை குறைந்து வேகமாக நீந்துவதற்காக அது தன் உள்திரவத்தில் பெரும்பகுதியைக் கழற்றிவிடுகிறது, அதோடு தற்காப்பு நொதியங்களும் போய்விடுகின்றன. டிஎன்ஏ உடைந்தால் தானே திருத்திக்கொள்ளவும் அதற்கு வழியில்லை. ஜோன் மக்லியோட் என்ற ஆய்வாளர் 1943 இலேயே, ஒட்சிசன் மிகுந்த சூழலில் மனித விந்தணு நகர்வை இழப்பதையும், கற்றலேஸ் என்ற நொதியத்தைச் சேர்த்தால் அது காக்கப்படுவதையும் காட்டியிருக்கிறார்.

அப்படியென்றால் விற்றமின் சி, ஈ, செலீனியம், நாகம் (சிங்க்) எல்லாம் சேர்த்து விழுங்கினால் பாதுகாப்புத்தானே என்று தோன்றும். மருத்துவ உலகமும் அப்படித்தான் நம்பியது. பிறகு ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் 2,370 தம்பதிகளை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2020 இல் வெளிவந்தது. ஆண்களில் பாதிப் பேருக்கு ஆறு மாதம் தினமும் 30 மில்லிகிராம் நாகமும் 5 மில்லிகிராம் போலிக் அமிலமும், மற்றப் பாதிக்கு மருந்தில்லாத வெற்றுக் குளிசை. உயிரோடு பிறந்த குழந்தைகள் குளிசை எடுத்த பக்கம் 34 வீதம், வெற்றுக் குளிசைப் பக்கம் 35 வீதம். எண்ணிக்கையிலும் நகர்விலும் வித்தியாசமில்லை. டிஎன்ஏ உடைவு குளிசை எடுத்தவர்களிடம் சற்றுக் கூடுதலாகவே இருந்தது, வயிற்றுக் கோளாறும் கூடுதல். அதே ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வில் சுமார் 170 தம்பதிகள். உங்கள் பெட்டியில் இருக்கக்கூடிய அதே கலவைதான்: விற்றமின் சி, ஈ, செலீனியம், நாகம், போலிக் அமிலம், எல்-கார்னிற்றின், லைகோபீன். அதிலும் விந்தணுவோ பிரசவமோ கூடவில்லை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்கிறேன். மருத்துவ ஆய்வுகளை எடைபோடும் கொக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு 90 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2022 இல் வெளியிட்ட மீளாய்வு, பிள்ளைப்பேறு கூடலாம் என்று ஒரு சாயல் தெரிவதாகச் சொல்கிறது. ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, சான்றின் தரம் மிகக் குறைவு என்றும், தரம் குன்றிய ஆய்வுகளை விலக்கினால் அந்த நன்மை தெரியவில்லை என்றும் அதே மீளாய்வு சொல்கிறது. இவ்வளவு பலவீனமான சாட்சியை வைத்து ஒரு பட்டறைத் தொழிலாளியிடம் மாதம் ஒன்பதாயிரம் வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஏன் வேலை செய்யவில்லை? ஒரு காரணம், அந்தத் தாக்கும் மூலக்கூறுகள் முழுக்க எதிரிகள் அல்ல. முட்டையைத் துளைக்கும் தகுதியை விந்தணு கடைசிக் கட்டத்தில் பெறுவதற்கு அவை சிறிதளவு வேண்டும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டால் அதுவும் கெடும். இரண்டாவது காரணம்தான் உங்களுக்கு முக்கியம். தாக்குதல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் மேலே மேலே குளிசையைக் கொட்டிப் பலனில்லை. உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்கு அந்த இடங்கள் தெளிவாகவே தெரிந்தன.

முதலாவது உங்கள் தொழில். பட்டறையில் எந்தப் பற்றாசு வைத்து ஒட்டுகிறீர்கள்? கேடிஎம் என்று சொல்கிறார்களே, அது கட்மியம் கலந்தது. கட்மியம் 767 பாகையில் கொதித்து ஆவியாகிவிடும். தங்கம் உருகுவதற்கே 1,064 பாகை வேண்டும். ஆகவே ஊதுவிளக்கின் சுவாலை பட்டதும் பற்றாசில் இருக்கும் கட்மியம் புகையாகக் கிளம்பும், நீங்களோ முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்த்தான் ஒட்டுவீர்கள். நுரையீரல் வழியாக உள்ளே போனால் அது லேசில் வெளியேறாது, சிறுநீரகத்தில் பத்து இருபது வருஷம் தங்கும் உலோகம். விதையையும் இரத்தத்தையும் பிரிக்கும் தடுப்பை அது குலைக்கும், ஒட்சியேற்றத் தாக்குதலைக் கிளப்பும். எந்த விற்றமினாலும் கட்மியத்தை உடம்பிலிருந்து வெளியே எடுக்க முடியாது.

முதலாளியிடம் கேளுங்கள். கட்மியம் இல்லாத பற்றாசு கடையில் கிடைக்கிறது. அதற்கு மாறச் சொல்லுங்கள். அவர் மாறும் வரைக்கும் ஒட்டும் மேசைக்குப் பக்கத்தில் புகையை வெளியே இழுக்கும் விசிறி வேண்டும். துணியை மூக்கில் கட்டிக்கொண்டால் உலோகப் புகை நிற்காது. பட்டறைக் கையால் பாணைப் பிய்த்துச் சாப்பிடாதீர்கள், சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வேலை உடுப்பை அங்கேயே மாற்றிவிட்டு வாருங்கள். இரத்தத்திலும் சிறுநீரிலும் கட்மியம் எவ்வளவு என்று அளக்கலாம், வைத்தியரிடம் உங்கள் தொழிலைச் சொல்லிக் கேளுங்கள். இது உங்கள் ஒருவருடைய விஷயம் மட்டுமில்லை. பக்கத்து மேசையில் இருக்கும் பையன்களும் அதே புகையைத்தான் குடிக்கிறார்கள்.

அதோடு சூடு. உலைக்குப் பக்கத்தில் காலை மடித்துச் சம்மணமிட்டு மணிக்கணக்காக இருப்பது விதைப்பையை உடம்போடு ஒட்டவைக்கும். ஒவ்வொரு மணித்தியாலமும் எழுந்து கொஞ்சம் நடவுங்கள். இறுக்கமான ஜீன்ஸ் வேண்டாம், வீட்டில் சாரமே நல்லது.

இரண்டாவது சிகரெட். புகையிலைச் செடி மண்ணிலிருந்து கட்மியத்தை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும். பற்றாசில் வருவது போதாதென்று வாயாலும் இழுக்கிறீர்கள். சிகரெட் பிடிப்பவர்களின் விந்தில் எண்ணிக்கையும் நகர்வும் குறைவு, டிஎன்ஏ உடைவு கூடுதல் என்று பல நாட்டு ஆய்வுகள் ஒத்துச் சொல்கின்றன. ஆறேழு என்பது கொஞ்சம்தானே என்று நினைக்க வேண்டாம். குறைப்பது அல்ல, விடுவதுதான் சரி. நீங்கள் செய்யக்கூடியவற்றில் ஒரு சதமும் செலவில்லாமல் நிச்சயம் பலன் தருவது இதுதான். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மூன்றாவது, உங்களை இன்னும் ஒரு வைத்தியர் கையால் பரிசோதிக்கவில்லை. ரிப்போர்ட் எடுத்தீர்கள், குளிசை வாங்கினீர்கள், இடையில் இருக்க வேண்டிய ஆளைக் காணோம். விதைப்பையின் இரத்த நாளங்கள் புடைத்து நிற்கும் வேரிகோசீல் என்ற நிலை ஆண்களில் ஏறக்குறைய 15 வீதமானோருக்கு உண்டு. பிள்ளை இல்லை என்று வருபவர்களிடம் அது 35, 40 வீதம். பெரும்பாலும் இடப்பக்கம். நிற்க வைத்துத் தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும், இரண்டு நிமிஷ வேலை. இரத்தம் அங்கே தேங்குவதால் சூடும் கூடும், ஒட்சியேற்றத் தாக்குதலும் கூடும். கையால் உணரக்கூடிய அளவில் இருந்து, ரிப்போர்ட்டும் குறைவாக இருந்தால், சிறிய அறுவைச் சிகிச்சை பலருக்கு நிலைமையை உயர்த்தியிருக்கிறது. விந்தில் வெண்குருதிக் கலங்கள் ஒரு மில்லிலீற்றருக்கு ஒரு மில்லியனைத் தாண்டியிருந்தால் தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அந்தக் கலங்களே இந்தத் தாக்கும் மூலக்கூறுகளை அள்ளிக் கொட்டும். நீரிழிவு இருக்கிறதா என்று இரத்தத்தில் சீனியும் பாருங்கள். சின்ன வயதில் விதை இறங்காமல் இருந்ததா, பருவ வயதுக்குப் பின் கூகைக்கட்டு வந்து விதை வீங்கியதா என்று அம்மாவிடம் கேட்டுவைத்துக்கொண்டு போங்கள்.

இப்போது கையில் இருக்கும் பெட்டியை என்ன செய்வது? அதையும் மல்டிவிற்றமினையும் பக்கத்தில் வைத்து லேபிளைப் பாருங்கள். இரண்டிலும் செலீனியம் இருந்தால் கூட்டுங்கள். நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராமுக்கு மேல் போனால் நஞ்சு: முடி கொட்டும், நகம் உடையும். நாகம் 40 மில்லிகிராமுக்கு மேல் நீண்ட காலம் போனால் உடம்பில் செப்பு குறையும். விற்றமின் ஈ 400 அலகு தினமும் எடுத்த ஆண்களிடம் புரஸ்டேட் புற்றுநோய் 17 வீதம் கூடியதாக, 35,000 பேருக்கு மேல் பங்கெடுத்த அமெரிக்க ஆய்வு 2011 இல் காட்டியது. அவர்கள் உங்களைவிட வயதானவர்கள், வருடக் கணக்கில் எடுத்தவர்கள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. விற்றமின்தானே, என்ன செய்யப்போகிறது என்ற எண்ணம் பிழை என்பதற்காகச் சொன்னேன். என் ஆலோசனை: இந்தப் பெட்டியோடு நிறுத்துங்கள், அடுத்ததை வாங்க வேண்டாம். சேரும் பணம் மறுபரிசோதனைக்கும் ஸ்கானுக்கும் ஆகும்.

உணவு வேறு விஷயம், அதில் எனக்குத் தயக்கமில்லை. கிழமையில் மூன்று நான்கு நாள் சாளை, சூடை, கீரி போன்ற சின்ன மீன் சாப்பிடுங்கள். செலீனியமும் நல்ல கொழுப்பும் ஒன்றாகக் கிடைக்கும், பெரிய மீனைவிட மலிவு. ஒரு கொய்யாப்பழத்தில் ஒரு நாளுக்குத் தேவையான விற்றமின் சி தாராளமாக உண்டு. தக்காளியைப் பச்சையாகத் தின்பதைவிட எண்ணெயில் வதக்கிக் குழம்பாக்கினால் லைகோபீன் நன்றாக உடம்பில் ஒட்டும். பொன்னாங்காணிச் சுண்டல், பருப்பு, சிவப்பரிசிச் சோறு எல்லாம் நம் வீட்டுச் சாப்பாடுதானே. ஸ்பெயினில் 2018 இல், தினமும் 60 கிராம் வாதுமை, அக்ரூட் போன்ற கொட்டைகளை 14 கிழமை சாப்பிட்ட ஆரோக்கியமான இளைஞர்களின் விந்தணு எண்ணிக்கையும் நகர்வும் கூடியதாகக் கண்டார்கள். பிள்ளை பிறப்பது கூடியதா என்று அதில் பார்க்கவில்லை. அந்த விலைக்கு அக்ரூட் வாங்கச் சொல்ல மாட்டேன். பின்னேரம் றோல்ஸுக்கும் கொத்துக்கும் பதிலாக ஒரு கை கச்சானோ ஓர் எள்ளுருண்டையோ போதும்.

ரிப்போர்ட்டை மனைவியிடம் மறைத்தது எனக்குக் கவலையாக இருக்கிறது. பிள்ளை தங்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. இது உங்களுக்குத் தெரிந்துவிட்டது, அவருக்குத் தெரியாது. தன்னிடம்தான் குறை என்று நினைத்துக்கொண்டு அவர் மாமியாரின் சொல்லை ஒவ்வொரு நாளும் தாங்குகிறார். நீங்கள் தாளை மடித்து வைத்திருக்கும் வரைக்கும் அந்தப் பாரம் அவர் தலையில்தான். அவரிடம் சொல்லுங்கள். பெரிய விளக்கம் வேண்டாம்: “எனக்குச் செக் பண்ணினேன், கொஞ்சம் குறைவாக இருக்கு, டெங்கு வந்ததாலயும் இருக்கலாம், திரும்ப செய்யப் போறேன், நீங்களும் வாங்கோ” என்று சொன்னால் போதும். அம்மாவிடம் ரிப்போர்ட்டைக் காட்டத் தேவையில்லை. “இனி அவவை ஒன்றும் சொல்ல வேண்டாம், நாங்கள் ரெண்டு பேரும் டொக்டரிட்ட போறம்” என்று நீங்கள் சொல்ல வேண்டும். அதை மனைவி சொல்ல முடியாது, நீங்கள்தான் சொல்ல முடியும்.

இந்த வீட்டில் பலன் நிரூபிக்கப்பட்ட ஒரு குளிசை இருக்கிறது, அது உங்கள் மனைவிக்கானது. கருத்தரிக்க முயலும் பெண் தினமும் 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் எடுத்தால் குழந்தையின் முள்ளந்தண்டுக் குறைபாடுகள் பெருமளவு தடுக்கப்படும். உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் கேளுங்கள். ருபெல்லாத் தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் அவரே பார்ப்பார், கிளினிக்குக்கு அனுப்பிவைக்கவும் அவரால் முடியும்.

ஒரு வருஷம் முயன்றும் தங்காவிட்டால் இருவரும் பரிசோதிக்க வேண்டும் என்பதே விதி. மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே. நீங்கள் இரண்டரை வருஷம் தாண்டிவிட்டீர்கள், அதனால் மறுபரிசோதனை வரும் வரைக்கும் மனைவியின் பரிசோதனைகளை நிறுத்திவைக்க வேண்டாம், இரண்டும் ஒன்றாக நடக்கட்டும். இரண்டாவது ரிப்போர்ட்டில் எண்ணிக்கை 16 மில்லியனைத் தாண்டினால் நல்லது. அப்போதும் சிகரெட்டும் பற்றாசும் போக வேண்டும். 5 மில்லியனுக்கும் கீழே இறங்கியிருந்தால் எஃப்எஸ்எச், டெஸ்டோஸ்டிரோன் இரத்தப் பரிசோதனையும் மரபணுப் பரிசோதனையும் தேவைப்படும். அந்த நிலையில் வீட்டு வைத்தியமோ குளிசையோ பார்த்துக்கொண்டு மாதங்களைக் கடத்தக் கூடாது. கிளினிக்குக்குப் போகும்போது இரண்டு ரிப்போர்ட்டையும், நீங்கள் எடுத்த குளிசைப் பெட்டிகளையும், டெங்குக்கு வைத்தியசாலை தந்த அட்டையையும் கையோடு கொண்டு போங்கள். மனைவியை மட்டும் உள்ளே கூப்பிட்டால் நீங்களும் எழுந்து போங்கள்.